மூன்று தீற்றல் வாத்தியார்

ஓவிய வாத்தியாருக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘மூணு தீத்து’. அவர் காதுபட யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். தம்மைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அதிலிருந்து பாராட்டை மட்டும் உரித்தெடுத்துக்கொண்டு தோலைத் தூக்கி எறியும் வித்தை அவருக்குக் கைவந்தது.

பெயர் வந்த வகை இப்படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் அவருடைய திறந்தவெளிப் பயிற்சி வகுப்பு நடக்கும். மாணவர்கள் என்றதும் பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், ஓய்வு பெறாமலே ஓய்ந்து போனவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னவர்கள். மடக்கு நாற்காலியும் குடையும் கொசு மருந்துமாக வந்து வரிசையாக உட்காருவார்கள். வாத்தியார் நடுவில் நின்று சொற்பொழிவு ஆற்றுவார். மரம் என்று நினைத்து வரையாதே, கண்ணைச் சுருக்கிப் பார், சில்லறை விவரமெல்லாம் மறைந்து பெரிய வடிவம் தெரியும், பார்த்ததை வரை, நினைத்ததை வரையாதே. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏரியைப் பார்ப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்ததுபோல் இருக்கும்.

பிறகு வாத்தியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிகளுக்குப் பின்னே நடப்பார். ஒரு படத்துக்குப் பின்னால் நிற்பார். பெருமூச்சு விடுவார். “ஒரு நிமிஷம் குடுங்க” என்று கையை நீட்டுவார். தூரிகை கைமாறும். மரத்தடியில் அழுத்தமாக ஒரு இருட்டு. தண்ணீர் விளிம்பில் சர்ரென்று ஒரு வெளிச்சம். எங்கோ தூரத்தில், காரணமே இல்லாமல், ஒரு சிவப்புப் பொட்டு. அவ்வளவுதான். அதுவரை நனைந்த துணிமாதிரி கிடந்த படம் எழுந்து நின்றுவிடும். உள்ளதைச் சொல்ல வேண்டும், மனிதருக்குக் கை இருந்தது. அதில் பழுது சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

மாணவர் பூரித்துப் போவார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போடுவார். சுவரில் ஆணி அடித்து முடிப்பதற்குள் அந்த மூன்று தீற்றலும் தம்முடையவை என்று அவருக்கே நம்பிக்கை வந்துவிடும். இப்படியாக ஊரில் உள்ள வரவேற்பறைகளில் பாதிக்கு மேல் மரத்தடி இருட்டும் விளிம்பு வெளிச்சமும் சிவப்புப் பொட்டும் தொங்கின. கீழே கையெழுத்து வங்கி மேலாளருடையது, மருந்துக் கடைக்காரருடையது, வக்கீலுடையது.

வாத்தியாருடைய கையெழுத்து எங்கே என்றால், அங்கேதான் சிக்கல்.

அவருக்குத் தோட்டம்தான் குரு. அப்படித்தான் சொல்லிக்கொள்வார். வீட்டின் பின்பக்கம் நல்ல விசாலமான மண். அதில் அவர் செடிகளைப் பருவம் பார்த்து வைக்கவில்லை, நிறம் பார்த்து வைத்தார். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா வேண்டும் என்று நிழலில் வாழும் செடியைக் கொண்டுபோய் உச்சி வெயிலில் நட்டார். அது வாடியபோது, வாடுகிற இலையின் பழுப்பு எந்தக் கடையிலும் குழாயில் அடைத்து விற்கப்படுவதில்லை என்று மெய்ம்மறந்தார். காய்கறிக்கு அனுமதி இல்லை. கத்தரிக்காயின் ஊதா மற்ற ஊதாக்களோடு சண்டை போடுகிறதாம். தண்ணீர் ஊற்றும் வழக்கமும் அவரிடம் இல்லை. காட்டுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள், இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது கொள்கை. தோட்டமும் அவர் கொள்கைக்குக் கட்டுப்பட்டு வஞ்சனையில்லாமல் செழித்தது. அதைக் காட்டி வகுப்பில் தனியாக ஒரு சொற்பொழிவு உண்டு.

காலையில் எழுந்ததும் சிவப்புத் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு, பச்சைக்குச் சிவப்பு எடுப்பாம், தேநீர்க் கோப்பையோடு தோட்டத்தின் நடுவில் போய் நிற்பார். கிழக்கே பார்த்துக் கண்ணைச் சுருக்குவார். உந்துதல் சேகரிக்கிறார் என்று அர்த்தம். தேநீர் ஆறும். உந்துதல் சேரும். வெயில் ஏறியதும் உள்ளே வந்துவிடுவார். சேர்ந்த உந்துதல் என்ன ஆயிற்று என்று கேட்டால், மேல் அறையைக் காட்டுவார்.

மேல் அறை எப்போதும் பூட்டியிருக்கும். உள்ளே படங்கள் அடுக்கடுக்காகக் குவிந்து கிடப்பதாக ஊரே நம்பியது. ஒருவகையில் உண்மைதான். கேன்வாஸ்கள் குவிந்துதான் கிடந்தன. அத்தனையிலும் வானம் மட்டும் இருந்தது. வானத்தை ஒரே வீச்சில் வரைந்துவிடுவார். கீழே மண்ணுக்கு வரும்போது, நாளைக்கு நல்ல உந்துதலோடு தொடரலாம் என்று சுவரோரம் சாய்த்துவிடுவார். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கு உள்ள வியாதிதான். அடுத்தவர் படத்தில் எங்கே இருட்டு வேண்டும் என்று நொடியில் தெரியும். தம் படத்தில் வெறும் இடத்தைப் பார்த்தால் கை மரத்துவிடும்.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி. குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. நாள் முழுதும் அடுத்தவர் குறையைக் காதில் வாங்கிவிட்டு வருகிறவள் என்பதால் வீட்டில் குறை சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஒருநாள் கலைக்கூடத்து நிர்வாகி அம்மாள் வீடு தேடி வந்தாள். அடுத்த மாதம் ஓவியக் காட்சி வைக்க இருந்த ஓவியருக்குக் கை முறிந்துவிட்டது, பெரிய கூடம் காலியாக இருக்கிறது, உங்கள் படங்களை மட்டும் வைத்து நடத்தலாமா, மேல் அறை நிறைய வைத்திருக்கிறீர்களாமே என்று கேட்டாள். வாத்தியாரோடு கூடப் படித்தவர்கள் எல்லோரும் அந்தக் கூடத்தில் காட்சி வைத்துவிட்டார்கள். இவரை மட்டும் ஊர் ‘மாஸ்டர்’ என்றே கூப்பிட்டது. ‘ஓவியர்’ என்று ஒருவர் வாயாவது சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்பது அவருக்குள் வெகுகாலமாகக் கிடந்த தீ. அது பொய்யான ஆசை இல்லை. அந்த ஒன்றை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன்.

“படம் இருக்கும்மா. எதை எடுக்கிறது எதை விடுறதுன்னுதான் குழப்பம்” என்றார்.

அந்த அம்மாள் போய் அழைப்பிதழ் அச்சடித்துவிட்டாள்.

மேல் அறையைத் திறந்து பார்த்தார். வானம், வானம், வானம். மறுநாள் தோட்டத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். அதற்கு மறுநாளும் நின்றார். தூரிகையைத் தொடவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பதுபோல, வெளிச்சம் சரியில்லை, காற்று சரியில்லை, அடுத்த வீட்டு நாய் சரியில்லை என்று ஒரு வாரத்தைக் கழித்தார். அப்போதுதான் வங்கி மேலாளர் வீட்டில் யாருக்கோ பிறந்தநாள் என்று போனவர், அங்கே சுவரில் தொங்கிய ஏரியைப் பார்த்தார். மரத்தடி இருட்டு. விளிம்பு வெளிச்சம். சிவப்புப் பொட்டு. அது நம் படம்தானே என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்டது.

கேட்ட குரலை அவர் விடவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் அதற்குத் தத்துவமே கட்டிவிட்டார். படத்துக்கு உயிர் கொடுத்தது யாரோ அவனே படைத்தவன். மற்றதெல்லாம் சுவருக்கு வெள்ளையடித்த வேலை. மனைவி புளித்த மாவைக் கரைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்ப கடைசியில உப்புப் போட்டவங்கதான் சமைச்சவங்களா?” என்றாள். அவ்வளவுதான், அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

வாத்தியார் அதிலும் பாராட்டைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. இருந்தாலும் கிளம்பிவிட்டார். மாணவர்களிடம், நம் வகுப்புப் படங்களையும் கூடத்தில் வைக்கப் போகிறேன் என்றார். நிர்வாகி அம்மாளிடம், என் அண்மைக் காலப் படங்கள் என்றார். இரண்டு வாக்கியத்திலும் பொய் என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி பார்த்துக்கொண்டார். மாணவர்கள் மகிழ்ந்து போய்ச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தார்கள். வக்கீல் மட்டும், பெயர் எந்த அளவில் எழுதுவீர்கள் என்று கேட்டார். வாத்தியார் பேச்சை வானிலைக்கு மாற்றினார். கையெழுத்துகளைப் படத்தின் மரச்சட்ட விளிம்புக்குள் தள்ளிவிடலாம் என்பது திட்டம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு அவருக்குப் படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்காரரின் ஒத்தாசையும் கிடைத்தது.

எல்லாம் சேர்ந்துவிட்டது, கூடத்தின் நடுச்சுவர் மட்டும் பாக்கி. வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும் சுவர். அதற்கு ஏற்ற படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கவலையிலோ என்னவோ கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது.

பல் மருத்துவரும் அவர் மாணவிதான். நடுவயதுக்காரி. வகுப்பிலேயே கடைசி. அவள் மரம் வரைந்தால் வேரோடு பிடுங்கிய கடைவாய்ப் பல்மாதிரியே இருக்கும். வாத்தியார் மிக அதிகமாகத் தூரிகை வாங்கித் திருத்தியது அவள் படத்தைத்தான். பல மாதமாக அவள் வகுப்புக்கு வருவதும் குறைந்திருந்தது. அவளுடைய மருத்துவமனை வாத்தியார் வீட்டுக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடியில். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறியவர், காத்திருக்கும் அறையில் அப்படியே நின்றுவிட்டார்.

எதிர்ச்சுவரில் ஒரு படம். உயரத்திலிருந்து பார்த்த தோட்டம். காலை வெயில் சாய்வாக விழுகிறது. செடிகள் செடிகளாகவே இல்லை, வெறும் நிறத் திட்டுகள், ஆனால் ஈரம் தெரிகிறது, மண்ணின் வாசனைகூட வந்துவிடும்போல் இருக்கிறது. பின்சுவர் ஓரத்தில் அழுத்தமாக ஒரு இருட்டு. அதிலிருந்து வளைந்து கிளம்பும் மெல்லிய வெளிச்சம். நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. வாத்தியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருட்டு, வெளிச்சம், சிவப்பு, மூன்றும் அவருடையவை. அவர் இதுவரை வைத்ததிலேயே இவ்வளவு சரியான இடத்தில் வைத்ததில்லை. எப்போது திருத்திக் கொடுத்தோம் என்று ஞாபகம் வரவில்லை. எத்தனையோ திருத்துகிறோம், எதை ஞாபகம் வைத்துக்கொள்வது? நடுச்சுவர் கிடைத்துவிட்டது. பல்வலிகூடக் கொஞ்சம் விட்டது.

உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார். காட்சியைப் பற்றியும், வெளியே இருக்கும் படத்தைக் கடன் கேட்பது பற்றியும், அதில் தாம் வைத்த தீற்றல்கள் எவ்வளவு தீர்மானமாக விழுந்திருக்கின்றன என்பது பற்றியும் பேசிக்கொண்டே போனார். அவள் “வாயைத் திறங்க” என்றாள். திறந்தார். மரத்துப்போகும் ஊசி போட்டாள், பல் பார்க்கும் சிறு கண்ணாடியும் எச்சில் உறிஞ்சும் குழாயும் உள்ளே போயின. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மாணவி பேச வாத்தியார் கேட்க நேர்ந்தது.

“அந்தப் படத்தை நீங்க பார்த்ததே இல்லை சார்” என்றாள், பல்லிலேயே கண்ணை வைத்துக்கொண்டு. “வகுப்புக்குக் கொண்டு வரலை. கொண்டு வந்தா நீங்க தொட்டுடுவீங்க.”

வாத்தியார் ஏதோ சொல்லப் பார்த்தார். குழாய் கர்ரென்றது.

“அசையாதீங்க. நோயாளி வராத நேரத்துல இந்த ஜன்னல்லேர்ந்து வரைஞ்சது. உங்க தோட்டம்தான். கொஞ்சம் இடதுபக்கம் பாருங்க, தெரியும்.”

கழுத்தைத் திருப்ப முடியவில்லை, கண்ணை மட்டும் திருப்பினார். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால், கீழே, அவருடைய தோட்டம் முழுசாகத் தெரிந்தது. அவர் ஒருநாளும் பார்த்திராத பக்கத்திலிருந்து தெரிந்தது. பின்சுவர் ஓரத்தில் வரிசையாகக் கத்தரிச் செடிகள் நின்றன.

“அந்த இருட்டு உங்க வீட்டம்மா சார். குனிஞ்சு களை எடுக்கிறாங்க. வெளிச்சம்னு சொன்னீங்களே, அது அவங்க கையில இருக்கிற குழாய்லேர்ந்து வர்ற தண்ணி. தினமும் ஆபீசுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஊத்துவாங்க.” கருவியை மாற்றிக்கொண்டே சொன்னாள்: “சிவப்பு நீங்க. நீங்க நடுவுல நிப்பீங்க. இன்னைக்கு வரைவீங்க, நாளைக்கு வரைவீங்கன்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன். ரொம்ப நாள் பார்த்துட்டு, சரி, நாமளே வரைஞ்சிடலாம்னு ஆரம்பிச்சேன்.”

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பல் எத்தனை ஆழம் சொத்தை என்று சொல்லும் அதே குரல்தான். வாத்தியாருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் இருந்தது; கத்தவும் வழியில்லை, வாயைத்தான் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறாரே. கண்ணோரம் தண்ணீர் வந்தது. வலிக்கிறதா என்று அவள் கேட்டாள். தலையை ஆட்டினார். வலிக்கவே இல்லை என்றா, ரொம்ப வலிக்கிறது என்றா, அவருக்கே தெரியாது.

வேலை முடிந்து வாய் கொப்பளித்த பிறகு, படத்தை எடுத்துப் போங்கள், என் பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை, என்னை யாருக்குத் தெரியும் என்றாள். பாருங்கள், கனி தானே மடியில் வந்து விழுந்தது. அவள் வாயே திறக்க மாட்டாள், யாருக்கும் தெரியப்போவதில்லை. வாத்தியார் படிக்கட்டுவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். பாதி உதடு மரத்துப்போய்த் தொங்கியது.

“பேர் போடணும் டாக்டரம்மா” என்றார். சொல் கோணலாக வந்தது. “பெருசாவே போடணும்.”

வீட்டில் மனைவி அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக நீ தண்ணீர் ஊற்றுகிறாய் என்று கேட்டார். செடி வாங்கி வந்த நாளிலிருந்து என்றாள். கத்தரிக்காய் எப்போது வந்தது என்று கேட்டார். நீங்கள் குழம்பில் சாப்பிட ஆரம்பித்தபோதே வந்துவிட்டது என்றாள்.

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“இயற்கை தானே பார்த்துக்கும்னு சொன்னீங்க. சரி, நானும் அதுல ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன்.”

தினமும் காலையில் அவருக்குப் பத்தடி பின்னால் நின்றிருக்கிறாள். அவர் திரும்பியதில்லை. எப்போதாவது தலையைத் திருப்பியிருந்தாலும் கண்ணைச் சுருக்கியிருப்பார். சில்லறை விவரங்களோடு சேர்ந்து மனைவியும் மறைந்து போயிருப்பாள். அதை நினைத்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஏரிக்கரையில் அத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த வித்தை இதற்குத்தானா பயன்பட்டது என்று இருந்தது.

நிர்வாகி அம்மாளுக்குத் தொலைபேசியில் உள்ளதைச் சொன்னார். தம் படம் ஒன்றும் இல்லை, வந்து சேர்ந்தவை எல்லாம் மாணவர்கள் வரைந்தவை, அவர்கள் பெயரிலேயே வைக்கலாம் என்றார்.  அழைப்பிதழைத் திரும்ப அச்சடிக்க வேண்டிய எரிச்சல் அந்த அம்மாளின் மூச்சிலேயே கேட்டது. கடைசியில், உங்களுடையது என்று ஒன்றாவது உண்டா என்றாள். வரைந்து தருகிறேன் என்றார். 

மறுநாள் காலையில் தொப்பி போடவில்லை, தேநீர் கொண்டுபோகவில்லை. சின்னக் கேன்வாஸை எடுத்துக்கொண்டு பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணை அகலத் திறந்தார். மனைவி வழக்கம்போல வேலை செய்தாள். கொஞ்சம் அப்படியே நில்லு என்றதற்கு, பேருந்து எனக்காக நிற்குமா என்று கேட்டாள். அவள் நகர நகர இவரும் அழித்து அழித்து வரைந்தார்.  குழாய் பாம்பாயிற்று, பாம்பு கயிறாயிற்று. பின்னால் வந்து நின்று ‘ஒரு நிமிஷம் குடுங்க’ என்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை. இந்தமுறை வானத்துக்கு இடமே விடவில்லை, அடிமுதல் நுனிவரை மண்ணாக நிரப்பினார். காட்சிக்கு முந்தைய நாள்வரை வரைந்தார்.

திறப்பு நாளில் நடுச்சுவரில் பல் மருத்துவரின் தோட்டம் தொங்கியது, பெயர் பெரிதாக. கூட்டம் அதன் முன்னால்தான் நின்றது. வக்கீல் தம் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு அந்தச் சிவப்புப் பொட்டின் உட்பொருளை விளக்கினார். வாத்தியாரின் சின்னப் படம் கழிப்பறைக்குப் போகும் வழியில், மங்கலான விளக்கின் கீழ். நிர்வாகி அம்மாள் அதன் முன்னால் நின்று, இது எந்த மாணவர், கை இன்னும் பழகவில்லையே என்றாள்.

“என்னோடது” என்றார்.

அந்த அம்மாள் “ஓ” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவர் அதில் பாராட்டு எதையும் தேடவில்லை.

மனைவி அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கைப்பை தோளில் தொங்க. நடுச்சுவரைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டாள். பிறகு கழிப்பறை வழிக்கு வந்து அந்தச் சின்னப் படத்தின் முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றாள். மண்ணில் குனிந்திருக்கும் ஒருத்தி. முகம் தெரியவில்லை, கூனிய முதுகு மட்டும் படத்தின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

“என் முதுகு இவ்வளவு வளைஞ்சிடுச்சா?” என்று கேட்டாள்.

படத்துக்காகக் கொஞ்சம் வளைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஓவியர்கள் மரத்தை நகர்த்துவார்கள், மலையைக் குறைப்பார்கள், யாரும் கேட்பதில்லை. அவளும் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அவர் படத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்.

“ஆமா” என்றார்.